ரோபோ சக்கரத்துக்குப் புது பட்டன் (ரப்பர் டிரெட்): அளவெடுப்பது முதல் ரிவெட் அடிப்பது வரை முழு வழிகாட்டி

போட்டிக்கு முந்தின நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ரப்பர் ஒட்டிய சக்கரம் மறுநாள் என்ன செய்யும் என்று எனக்கு அனுபவத்தில் தெரியும். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நடந்தது. முதல் சுற்றில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது சுற்றில் இடது பின் சக்கரத்தின் ரப்பர் பட்டை ஒரு முனையில் லேசாக எழும்பியது. அடுத்த திருப்பத்தில் நாக்கு மாதிரி நீண்டு சேசிஸில் பட் பட்டென்று அடித்தது. அதற்கடுத்த திருப்பத்தில் செயினுக்குள் நுழைந்து சுற்றிக்கொண்டது. வலது பக்கம் மட்டும் ஓட, ரோபோ நின்ற இடத்திலேயே பம்பரம் விட்டது. நாலு பேரும் ஒரே குரலில் சொன்னோம்: "பசை மட்டம்."

பசை மட்டமில்லை. அதைச் சொன்னவர் வேளச்சேரி ரயில் நிலையம் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த அண்ணன். பிய்ந்த பட்டையை அவரிடம் கொடுத்து, நல்ல சொல்யூஷன் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். பட்டையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா தம்பி, ஷைனிங் அப்டியே கீது. தேய்க்கவே இல்லியா?"

"துடைச்சோம்ணே."

"துடைச்சா போதுமா? காயவாவது உட்டியா, ஈரத்துலயே அமுக்கிட்டியா?"

என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்ட இரண்டு கேள்விகளும், அவர் கேட்காத மூன்றாவது ஒன்றும்தான் இந்த வழிகாட்டியின் சாரம். மூன்றாவது கேள்வி இது: பட்டையின் முனையை எது பிடித்துக்கொண்டிருக்கிறது?

முதலில் ஒரு செலோ டேப்

மேஜை மேல் ஒரு சாண் நீளத்துக்கு செலோ டேப்பை ஒட்டுங்கள். மேஜையோடு படுக்கைவாட்டில் இழுத்துப் பாருங்கள், அசையாது. இப்போது ஒரு முனையை நகத்தால் கிளப்பி மேல்நோக்கி இழுங்கள். சிரமமே இல்லாமல் மொத்தமும் வந்துவிடும். பசை அதேதான், மேஜையும் அதேதான். படுக்கைவாட்டில் இழுக்கும்போது ஒட்டிய பரப்பு முழுவதும் சேர்ந்து தாங்குகிறது. உரிக்கும்போது ஒரு நூல் அகலக் கோடு மட்டும் தனியாகத் தாங்க வேண்டியிருக்கிறது.

ரோபோ சக்கரத்தில் இரண்டும் நடக்கும். நேராக ஓடும்போது தரை பட்டையைப் படுக்கைவாட்டில் இழுக்கிறது. பசைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பட்டையின் இரு முனைகளும் சந்திக்கும் இடத்தைத் தரை ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை சுரண்டிப் பார்க்கிறது. திரும்பும்போது பக்கவாட்டு விளிம்பையும் சுரண்டுகிறது. ஒரு மில்லிமீட்டர் எழும்பினால் போதும், மீதியைத் தரையே உரித்துக்கொள்ளும். அதனால் என் கணக்கு இது: பரப்பைப் பசை பார்த்துக்கொள்ளட்டும், முனையை உலோகம் பார்த்துக்கொள்ளட்டும். பசை மட்டும் போதும் என்பவர்களும் ரிவெட் மட்டும் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கட்சியின் சக்கரங்களும் களத்தில் பிய்வதைப் பார்த்திருக்கிறேன்.

நம் ஊருக்கு இந்த வேலை புதிதும் இல்லை. தரையைப் பிடிக்கும் மேல் ரப்பரான டிரெட்டை மெக்கானிக்குகள் பட்டன் என்பார்கள், தேய்ந்துபோனால் மொட்டை. லாரி டயர் மொட்டையானால் ரீட்ரெடிங் கடைக்குப் போகும். எம்.ஆர்.எஃப். கூட 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சின்னப் பட்டறையாக ஆரம்பித்து, 1952-ல் டிரெட் ரப்பருக்கு வந்து, அதற்குப் பிறகுதான் டயர் நிறுவனமானது. ரீட்ரெடிங் கடையில் வேலை நடக்கும் வரிசையைக் கவனியுங்கள்: பழைய பட்டனைச் சுரண்டி எடுப்பது, பரப்பைச் சொரசொரப்பாக்குவது, ரப்பர் சிமென்ட் என்ற பசையைத் தடவிக் காயவிடுவது, பட்டையைச் சுற்றுவது, அழுத்தத்தில் வைப்பது. அவர்கள் சுமார் 100 டிகிரி சூட்டில் அறைக்குள் வைத்து வேகவைக்கிறார்கள், நம்மிடம் அது இல்லை. வேகவைப்பதற்குப் பதிலாக நாம் ரிவெட் அடிக்கிறோம். மற்றபடி வரிசை ஒன்றுதான்.

எந்தத் தரை, எந்த ரப்பர்

ரப்பரை வாங்குவதற்கு முன் போட்டி விதிப் புத்தகத்தில் களம் எதனால் ஆனது என்று பாருங்கள். பள்ளி மாணவர்களுக்கான சர்வதேச ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில் கார்ப்பெட். அதன் இளைய பிரிவான டெக் சேலஞ்சில் மெத்தென்ற ஃபோம் டைல். கல்லூரி மாணவர்களுக்கான ரோபோகான் மாதிரிப் போட்டிகளில் பெயின்ட் அடித்த மரப்பலகை. கல்லூரி விழா ரோபோ ரேஸ் என்றால் பிளைவுட், ஃபிளெக்ஸ் பேனர், சில சமயம் வெறும் மொசைக் தரை.

கார்ப்பெட்டுக்கு முள் முள்ளாக மேல்பரப்பு உள்ள கன்வேயர் பெல்ட் ரப்பர்தான் சிறந்தது. ரஃப்டாப் என்று கேளுங்கள். சரிவில் மூட்டை வழுக்காமல் ஏறுவதற்காகச் செய்த பெல்ட் அது. கார்ப்பெட் இழைகளுக்குள் அந்த முட்கள் இறங்கிப் பிடிக்கும். அடியில் துணி வைத்திருப்பதால் நீளாது, ரிவெட் ஓட்டையும் கிழியாது. பெயின்ட் அடித்த பலகையில் இதே முட்கள் வீண். அங்கே வழுவழுப்பான, மென்மையான ரப்பர்தான் அதிகப் பரப்பைத் தொட்டுப் பிடிக்கும். ரப்பரின் மென்மையை ஷோர் ஏ எண்ணால் சொல்வார்கள். எண் குறையக் குறைய மெதுவு. 40-ஐ ஒட்டிய ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். 70-ஐத் தொட்டால் நாள்பட உழைக்கும், ஆனால் வழுக்கும். கடையில் எண் சொல்லமாட்டார்கள். கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்து உடனே எழும்பினால் நமக்கு வேண்டிய ரகம்.

சிலிக்கான் ஷீட் பார்த்தால் ஆசையாக இருக்கும். பிடிப்பும் பிரமாதம். ஆனால் சிலிக்கான் மேல் சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது, சிலிக்கான் பசைதான் ஒட்டும். முதல் முறை செய்பவர்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பிடிப்பு அதிகமானால் எல்லாம் நல்லது என்று நினைக்காதீர்கள். நாலு சக்கரமும் மோட்டாரில் ஓடி, இடதும் வலதும் வேக வித்தியாசத்தில் திரும்பும் ரோபோ என்றால், திரும்பும்போது சக்கரங்கள் பக்கவாட்டில் வழுக்கியே ஆகவேண்டும். நாலிலும் பிசின் மாதிரிப் பிடிக்கும் ரப்பரைப் போட்டால் ரோபோ திரும்பாமல் துள்ளும், மோட்டார் திணறும், மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் டிரைவர் போர்டு புகைவிடும். நான் இரண்டில் நல்ல பிடிப்பும், மற்ற இரண்டில் ஆம்னி சக்கரமோ (விளிம்பில் சின்ன உருளைகள் இருப்பதால் பக்கவாட்டிலும் உருளும்) வழுக்கும் கெட்டிப் பட்டையோ போடுவேன். சக்கரம் கொஞ்சம் வழுக்குவது மோட்டாருக்கு ஃபியூஸ் மாதிரி. ரோபோ சுவரில் முட்டி நிற்கும்போது சக்கரம் சுழலாவிட்டால் அந்தக் கரன்ட் முழுவதும் சுருளைத்தான் சுடும்.

விதிகளையும் படியுங்கள். ஃபர்ஸ்ட் போட்டிகளில் களத்தைக் கீறக்கூடிய எதையும், அதாவது உலோகம், உப்புத்தாள், கெட்டி பிளாஸ்டிக் ஆணி, வெல்க்ரோ, இவற்றைச் சக்கரத்தின் மேல்பரப்பில் வைக்கக்கூடாது. ரிவெட் தலை வெளியே துருத்தினாலும் அதே குற்றம்தான். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சென்னையில் எங்கே கிடைக்கும்

மோட்டார், ஹப், சக்கரம் எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கும், ரப்பர் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை போய் ஏமாறாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். ரப்பர் ஷீட், பெல்ட் துண்டு, ரிவெட், ரிவெட் கன் இவற்றுக்குப் பாரிமுனைதான். செம்புதாஸ் தெருவும் அதைச் சுற்றியுள்ள ஹார்டுவேர் தெருக்களும் அரை நாள் அலையத் தகுந்தவை. பெல்ட் கடையில் முழு ரோல் கேட்டால் விலை சொல்வார்கள். "துண்டு ஏதாவது இருக்கா அண்ணே, காலேஜ் ப்ராஜெக்ட்" என்று கேட்டால் மூலையிலிருந்து உருவிக் கொடுப்பார்கள்.

அதிகம் பேருக்குத் தோன்றாத இடம் பெரியமேடு. தோல், செருப்புத் தொழிலுக்கு வேண்டிய எல்லாமும் அங்கே உண்டு. சோல் ஷீட், ஹோல் பஞ்ச், நல்ல ரப்பர் பசை எல்லாம் ஒரே நடையில் முடிந்துவிடும். செருப்புத் தைப்பவரும் நாமும் செய்வது ஒரே வேலை. தினமும் மிதிபட்டு, மழையில் நனைந்து, உரிய முயலும் ஒரு ரப்பரைப் பிடித்துவைக்கும் வேலை.

பழையதைக் கழற்றுவது

சக்கரத்தை ரோபோவிலிருந்து கழற்றிவிட்டுத்தான் ஆரம்பிக்கவேண்டும். மாட்டியபடியே ஒட்டினால் ஒரு பக்கம் சரியாக அமுங்காது. பழைய ரிவெட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், ரிம்மின் ஓட்டை ஓவலாகிவிடும். ரிவெட்டின் தண்டு 4 மி.மீ. என்றால் 4 மி.மீ. டிரில் பிட்டைத் தலையின் நடுக்குழியில் வைத்து மெதுவாக ஓட்டுங்கள். தலை வளையமாகக் கழன்று பிட்டிலேயே மாட்டிக்கொள்ளும். மிச்சத் தண்டை ஒரு ஆணியால் உள்ளே தட்டிவிடலாம். உள்ளே விழுந்ததைக் குலுக்கி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் போட்டி முழுக்க கிலுகிலுப்பை ஆடும்.

பழைய பசையை உப்புத்தாளால் மட்டும் எடுக்க முயன்றால் அது சூடாகி உருண்டு தாளை அடைத்துவிடும். அலுமினிய ரிம் என்றால் அசிட்டோனில் நனைத்த துணியைச் சுற்றி ஐந்து நிமிடம் விட்டுச் சுரண்டுங்கள். ஏபிஎஸ் பிளாஸ்டிக் ரிம்மில் அசிட்டோன் படவே கூடாது, ரிம்மே கரையும். அங்கே பிளேடும் பொறுமையும்தான்.

அளவு

இங்கேதான் நிறைய பேர் தவறுகிறார்கள். ரிம்மின் விட்டம் 100 மி.மீ. என்றால் சுற்றளவு 314 மி.மீ. அந்த நீளத்துக்கு வெட்டிய 3 மி.மீ. தடிமனுள்ள பெல்ட்டைச் சுற்றிப் பாருங்கள், முனைகள் சேராது. வளையும்போது வெளிப்பக்கம் நீள வேண்டும், உள்பக்கம் சுருங்க வேண்டும், நடுவில் ஒரு அடுக்கு மட்டும் அப்படியே இருக்கும். பெல்ட்டில் அந்த நீளாத அடுக்கு, துணி. துணி அடியிலிருந்து 1 மி.மீ. உயரத்தில் இருந்தால் கணக்கு 102 பெருக்கல் 3.14, அதாவது 320 மி.மீ. நான் எப்போதும் இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி, சுற்றிப் பார்த்து, பிறகு சீவுவேன்.

துணி இல்லாத வெறும் ரப்பர் ஷீட்டுக்குக் கணக்கு நேர் எதிர். அதை இழுத்துக் கட்டவேண்டும். ரிம் சுற்றளவைவிட 2 முதல் 3 சதவீதம் குறைத்து, 314-க்குப் பதில் 306 மி.மீ. வெட்டுங்கள். இழுத்துச் சுற்றும்போது அது ரிம்மைக் கவ்விக்கொள்ளும். அதற்குமேல் இழுத்தால் முனைகள் ஓயாமல் பின்வாங்கப் பார்க்கும், பசைக்கு ராத்திரி பகல் வேலை.

அகலம் ரிம்மைவிட அரை மில்லிமீட்டர் குறைவாக இருக்கட்டும். விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உரிவது அங்கேதான் தொடங்கும். லேத்தில் புதிதாகச் சக்கரம் கடையக் கொடுப்பதாக இருந்தால், ரிம்மின் இரு ஓரத்திலும் 1 மி.மீ. உயரத்துக்கு ஒரு வரப்பு விடச் சொல்லுங்கள். கிண்டியிலோ அம்பத்தூரிலோ எந்த டர்னரும் ஐந்து நிமிடத்தில் செய்து தருவார். பட்டை பக்கவாட்டில் நகரும் பேச்சுக்கே இடமில்லாமல் போகும்.

வெட்டும்போது

புது பிளேடு, ஸ்டீல் ஸ்கேல், அடியில் ஒரு பலகை. பிளேடைச் சோப்புத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு வெட்டினால் ரப்பர் வெண்ணெய் மாதிரிப் போகும், இல்லாவிட்டால் பிளேடைப் பிடித்து இழுக்கும். வெட்டி முடித்ததும் சோப்பை நன்றாகக் கழுவிக் காயவிட வேண்டும்.

முனைகளை நேர்க்கோட்டில் வெட்டாமல் அகலத்தின் குறுக்கே 45 டிகிரி சாய்வாக வெட்டுங்கள். நேராக வெட்டினால் மூட்டு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் மோதும், ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக் என்று சத்தம் வரும். சாய்வாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இறங்கும். இரு முனையும் ஒரே பக்கம் சாயவேண்டும் என்பதை வெட்டுவதற்கு முன் ஒரு காகிதத்தில் வெட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் ஒரு முழு பெல்ட் துண்டு இப்படி வீணானது.

முனைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டுவது வேண்டாம். ஒரு திசையில் ஓடும்போது தாங்கும், ரிவர்ஸ் எடுத்தவுடன் மேல் முனையைத் தரை கிளப்பிவிடும்.

தேய்த்தல்

பஞ்சர் கடை அண்ணனின் முதல் கேள்வி இதுதான். புது ரப்பரின் மேல் தெரியும் பளபளப்பு ரப்பரே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வரத் தடவிய பொருளும் பவுடரும் அதில் படிந்திருக்கும். அதன்மேல் பசை தடவினால் பசை அந்தப் படலத்தில் ஒட்டும், படலம் எதிலும் ஒட்டாது.

80 எண் உப்புத்தாளை எடுத்து ஒட்டப்போகும் பக்கத்தை ஒரே திசையில் தேய்க்காமல் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்கவேண்டும். பளபளப்பு மொத்தமும் போய், கரும்பலகையை அழித்தது மாதிரி மங்கலான கறுப்பு வரும்வரை. துணி பக்கம் ஒட்டுவதாக இருந்தால் இவ்வளவு வேண்டாம், தூசி போக ஒரு தேய்ப்பு போதும். ரிம்மையும் விடாதீர்கள். அலுமினியத்தை 120 எண் தாளால் தேய்த்தால் சாம்பல் நிறத்துக்கு வரும், அப்புறம் அதை விரலால் தொடக்கூடாது. இரண்டையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி கறுப்பாக வரும். துணியை மாற்றி மறுபடி துடையுங்கள். வெள்ளையாக வரும்வரை.

நைலான், பாலிபுரொப்பிலீன் ரிம்கள் எவ்வளவு தேய்த்தாலும் பசையைச் சரியாக ஏற்காது. அவற்றில் பசையை நம்பாமல் ரிவெட் எண்ணிக்கையைக் கூட்டவேண்டும்.

துளைகள், ஒட்டுவதற்கு முன்பே

100 மி.மீ. சக்கரத்துக்கு ஒவ்வொரு முனையிலும் இரண்டு, மற்ற மூன்று கால் பாகங்களிலும் ஒவ்வொன்று, ஆக ஏழு ரிவெட் என்பது என் வழக்கம். ரிம்மில் 4.1 மி.மீ. துளை போட்டு, 4 மி.மீ. அலுமினிய பாப் ரிவெட் (துளையில் நுழைத்து, ரிவெட் கன்னால் இழுத்தால் உள்ளே விரிந்து பிடித்துக்கொள்ளும் ரகம்). முனைத் துளை பட்டையின் வெட்டிலிருந்து குறைந்தது 6 மி.மீ. தள்ளி இருக்கட்டும். இல்லாவிட்டால் கிழித்துக்கொண்டு வரும்.

ரப்பரில் டிரில் போடாதீர்கள். பிட் ரப்பரைச் சுருட்டி இழுக்கும், துளை எந்த அளவுக்கு வந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். செருப்புக்கடை ஹோல் பஞ்சை வைத்து ஒரே அடி. சுத்தமான வட்டம் கிடைக்கும்.

ரிவெட்டின் நீளத்துக்கு ஒரு எளிய கணக்கு: பிடிக்கவேண்டிய மொத்தத் தடிமனோடு ரிவெட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கைக் கூட்டுங்கள். ரிம் சுவர் 4, அமுங்கிய பட்டை 2, ஆக 6. அதோடு 6 கூட்டினால் 12 மி.மீ. ரிவெட்.

3டி பிரிண்ட் செய்த ரிம்மில் பாப் ரிவெட் வேண்டாம். உள்ளே விரியும்போது அடுக்குகளைப் பிளந்துவிடும். அதற்கு வேறு வழி உண்டு, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். டிசைன் செய்யும்போதே ரிம்மின் குறுக்கே, பட்டையின் இரண்டு தடிமன் நுழையும் அளவுக்கு ஒரு நீள்துளை விடுங்கள். பட்டையை 20 மி.மீ. கூடுதலாக வெட்டி, இரு முனைகளிலும் 10 மி.மீ. உள்ளே மடித்து நுழைத்து, ரிம்முக்குள்ளே ஒரு சின்னத் தகடும் இரண்டு எம்3 (3 மி.மீ.) ஸ்க்ரூவும் வைத்து இறுக்கிவிடுங்கள். முனை வெளியே இருந்தால்தானே தரை கிளப்பும்? நீள்துளையின் ஓரங்களை மட்டும் வட்டமாக்குங்கள், கூராக இருந்தால் அதுவே பட்டையை அறுக்கும்.

ஒட்டுதல்

பசைக்கு ரப்பர் கான்டாக்ட் பசைதான் என் தேர்வு. ஃபெவிகால் எஸ்.ஆர். 998 எங்கும் கிடைக்கும், பெரியமேட்டில் செருப்புத் தைப்பவர்கள் வாங்கும் நியோபிரீன் பசையும் அதே வகை. ஃபெவிக்விக் உடனே பிடிக்கும், ஆனால் காய்ந்தால் கண்ணாடி மாதிரி. ரப்பர் வளையும்போது அது நொறுங்கும். மூட்டின் வெட்டுமுகங்கள் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்க்க மட்டும் அதை ஒரு சொட்டு வைத்துக்கொள்ளலாம். அரால்டைட் உலோகத்துக்கு நல்லது, வளையும் ரப்பருக்கு அது கெட்டி.

ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். இந்தப் பசையின் ஆவி தலைசுற்ற வைக்கும், சுலபமாகத் தீயும் பிடிக்கும். ஏசி போட்ட ஹாஸ்டல் அறையில் கொசுவத்தி எரிய இதைத் திறக்காதீர்கள்.

ரிம்மிலும் பட்டையிலும், இரண்டிலும் தடவவேண்டும். பழைய ஏ.டி.எம். கார்டு ஒன்றை வைத்து மெல்லிசாக இழுங்கள். கட்டியாகத் தடவினால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும். துணி பக்கம் முதல் பூச்சை உறிஞ்சிவிடும், அது காய்ந்ததும் இரண்டாவது பூச்சு கொடுங்கள்.

இனி காத்திருக்க வேண்டும். அண்ணனின் இரண்டாவது கேள்வி. பத்திலிருந்து பதினைந்து நிமிடம், புறங்கையால் தொட்டால் பிசுபிசுக்காமல், நூல் இழுக்காமல் வரும்வரை. கான்டாக்ட் பசை காய்ந்த பிறகுதான் ஒட்டும் என்பது முதல் தடவை கேட்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். கரைப்பான் ஆவியாகிப் போன பிறகு இரண்டு ரப்பர் படலங்கள் தொட்டுக்கொண்டு ஒன்றாகின்றன. ஈரத்தில் அமுக்கினால் அந்த ஆவி நடுவில் சிறைப்பட்டு, நாள் கணக்கில் பசையைக் கூழாகவே வைத்திருக்கும்.

சென்னையில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றெல்லாம் ஈரம். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிரும், குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் பனி மாதிரிப் படியும். பசை மேல் லேசாக வெண்மை படர்ந்தால் அதுதான். அந்த நேரத்தில் ஒட்டினால் தண்ணீரின் மேல் ஒட்டுகிறோம் என்று அர்த்தம். சீக்கிரம் காயட்டும் என்று வாயால் ஊதுகிறோமே, அது இன்னும் மோசம். வாய்க்காற்றில் இருப்பது முழுக்க ஈரம். மழை நாளில் நான் ரிம்மை முதலில் ஹேர் டிரையரில் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, பிறகு பசை தடவுவேன். பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் செய்த ரிம் என்றால் சூடு வேண்டவே வேண்டாம், 60 டிகிரியை நெருங்கினால் இளகிவிடும். அதே காரணத்துக்காக அந்தச் சக்கரங்களைச் சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைக்காதீர்கள்.

சுற்றும்போது ஒரே ஒரு வாய்ப்புதான். பட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. அதனால் முதல் முனையின் இரண்டு துளைகளிலும் ரிவெட்டை இழுக்காமல் சும்மா நுழைத்து, அவற்றை வழிகாட்டி ஆணிகளாக வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பரப்பின்மேல் பட்டர் பேப்பரைச் சுற்றிவைத்தால் காய்ந்த பசை அதில் ஒட்டாது. பேப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே பட்டையை இறக்கி, நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கட்டைவிரலால் அழுத்தி வாருங்கள். இந்தப் பசைக்கு எவ்வளவு நேரம் அமுக்கினோம் என்பதைவிட எவ்வளவு பலமாக அமுக்கினோம் என்பதுதான் முக்கியம். சுற்றி முடித்ததும் ஒரு ரப்பர் சுத்தியலால் முழுச் சுற்றும் தட்டுங்கள். பஞ்சர் கடையில் பேட்ச் வைத்ததும் டப் டப் என்று தட்டுவது இதற்காகத்தான்.

ரிவெட், கட்டு, காத்திருப்பு

முதல் முனை, அடுத்து எதிர்ப்புறம், கடைசியில் இரண்டாவது முனை என்ற வரிசையில் ரிவெட்டை இழுங்கள். இழுத்து ஒட்டிய வெறும் ரப்பரில் கடைசித் துளைகள் ரிம் துளைக்கு நேராக வராது. ஒட்டி முடித்த பிறகு ரிம்மின் உள்ளிருந்து ஒரு ஆணியால் குத்தி, வெளியே தெரியும் புள்ளியில் பஞ்ச் செய்யுங்கள்.

ரிவெட் தலை பட்டையின் மேல்மட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். ரஃப்டாப்பில் இது சுலபம். தலை உட்காரும் இடத்தில் 9 மி.மீ. வட்டத்துக்கு முட்களைச் சீவிவிட்டால் தலை அந்தக் குழியில் அமர்ந்துவிடும். வழவழப்பான 3 மி.மீ. ஷீட்டில் குழிக்கு இடமில்லை. அதில் ரிவெட் தலை இரண்டே ஓட்டத்தில் தரையைத் தொடும். அங்கே நான் முன்பு சொன்ன மடித்து நுழைக்கும் முறையைத்தான் பயன்படுத்தவேண்டும். ஸ்டீல் ஸ்கேலைப் பட்டையின் மேல் குறுக்காக வைத்து வெளிச்சத்தில் பாருங்கள், தலை ஸ்கேலைத் தொடக்கூடாது.

அப்புறம் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, அந்த நாடாவைச் சக்கரத்தின்மேல் இழுத்து இழுத்து நாலு சுற்று சுற்றிக் கட்டிவிடுங்கள். எந்த கிளாம்பும் இவ்வளவு சமமாக அழுத்தாது. 24 மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். போட்டிக்கு முந்தின நாள் ராத்திரி ஏன் ஒட்டக்கூடாது என்பதற்கு இந்தப் பத்திதான் பதில்.

சரிபார்ப்பு

டியூபை அவிழ்த்ததும் மூட்டை நகத்தால் கிளப்பிப் பாருங்கள். சக்கரத்தை மோட்டாரிலேயே மாட்டிச் சுழலவிட்டு, பக்கத்தில் ஒரு பென்சிலை அசையாமல் பிடித்தால் எங்கே மேடு என்று தெரியும். ஒரு பலகையில் உப்புத்தாளை ஒட்டி, சுழலும் சக்கரத்தின் மேட்டை லேசாகத் தொடவிட்டுச் சமப்படுத்தலாம். ரப்பர் தூள் பறக்கும், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

பிடிப்பை அளக்க லக்கேஜ் தராசு போதும். சக்கரங்கள் சுழலாதபடி பூட்டி, ரோபோவைத் தராசால் இழுங்கள். நகர ஆரம்பிக்கும்போது காட்டும் எடையை ரோபோவின் எடையால் வகுங்கள். 10 கிலோ ரோபோ 8 கிலோவில் நகர்ந்தால் பிடிப்பு 0.8. பட்டறை டைல்ஸ் தரையில் இதைச் செய்து பயனில்லை, களத்தில் இருக்கும் பொருளிலேயே ஒரு துண்டை விரித்துச் செய்யுங்கள்.

புரோகிராமர் நண்பரிடம் சொல்ல மறந்துவிடாதீர்கள். 100 மி.மீ. சக்கரத்தில் 3 மி.மீ. பட்டை ஏறினால் விட்டம் 106, ஒரு சுற்றுக்கு 333 மி.மீ. போகும். வேகம் 6 சதவீதம் கூடும், தள்ளும் பலம் அதற்கேற்பக் குறையும். பட்டை 1 மி.மீ. தேய்ந்தால் விட்டம் 104 ஆகும். சக்கரத்தின் சுற்றை எண்ணும் என்கோடரை நம்பி 10 மீட்டர் போகச் சொன்னால் ரோபோ 19 செ.மீ. முன்னாலேயே நின்றுவிடும். இதைவிடத் தொல்லை, ஒரு பக்கம் மட்டும் புதுப் பட்டை போடுவது. இடது 106, வலது 104, நடுவே 40 செ.மீ. இடைவெளி என்றால், 5 மீட்டர் ஓடுவதற்குள் ரோபோ 13 டிகிரிக்கு மேல் வலப்பக்கம் திரும்பியிருக்கும். கோட் எழுதியவரை இரவு முழுக்கத் திட்டுவீர்கள். அவர் மேல் தப்பில்லை. மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள்.

போட்டி நாள்

களத்தில் பிடிப்பு குறைவதற்கு முதல் காரணம் தேய்மானமில்லை, தூசி. ஒவ்வொரு சுற்றுக்கும் முன் சக்கரத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவையுங்கள். துணி இல்லாவிட்டால் பேக்கிங் டேப்பின் பசைப் பக்கத்தைச் சக்கரத்தில் ஒருமுறை உருட்டி எடுத்தால் போதும். ஐஐடி மெட்ராஸ் சாஸ்த்ரா மாதிரி ஜனவரி விழாக்களில் ஆயிரம் கால்கள் நடந்த மண் களத்தின் ஓரமெல்லாம் கிடக்கும். ரோபோவைக் கையில் தூக்கிக்கொண்டு போய்க் களத்தில் இறக்குங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

பட்டை கிளம்பினால் அங்கேயே உட்கார்ந்து ஒட்டப் பார்க்காதீர்கள். பசை காய்வதற்குள் உங்கள் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஒரு வாரம் முன்பே ஒட்டி, ரிவெட் அடித்து, ஓட்டிப் பார்த்த இரண்டு சக்கரங்கள் பையில் இருக்கவேண்டும், அவற்றின் விட்டத்தை மார்க்கரில் ரிம்மிலேயே எழுதியிருக்க வேண்டும். கழற்றி மாட்ட ஒரு ஆலன் கீ, ஒரு நிமிடம்.

அந்த வருஷம் பம்பரம் விட்ட சக்கரத்தை நான் தூக்கிப் போடவில்லை. அண்ணன் கடையிலேயே அவருடைய சொரசொரப்பான அரத்தால் தேய்த்து, அவருடைய சொல்யூஷனையே தடவினோம். காய்வதற்குள் நான் இரண்டு முறை கையை நீட்டினேன், இரண்டு முறையும் தட்டிவிட்டார். முனையில் ரிவெட் அடித்ததைப் பார்த்து மட்டும் கேட்டார்: "இது எதுக்கு தம்பி, என்மேல நம்பிக்கை இல்லியா?"